ஒரே ராத்திரியில் இரண்டு மாற்றம்: வீட்டு ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட அனுபவம்

2020 ஊரடங்கு ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். சாஃப்ட்வேர் டெஸ்டிங்தான் என் வேலை. திருச்சி வீட்டில் பின்னறையில் உட்கார்ந்து தினமும் மூன்று மணிக்கு ஆபீஸ் மீட்டிங். அப்பா சாப்பிட்டு முடித்து, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பார். சார்ஜில் போட்டதும் அந்தப் போன் படங்களையெல்லாம் பேக்கப் எடுக்க ஆரம்பிக்கும். அந்த நேரம் பார்த்து, "மேடம், உங்க குரல் வெட்டி வெட்டி வருது" என்று அந்தப் பக்கத்திலிருந்து சொல்வார்கள்.

எங்கள் லைன் 40 எம்பிபிஎஸ். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 40 முழுசாக வரும். அதனால் கேபிள்காரரிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு சின்னத் தகவல் போய்ப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் பிங்கை, ஒரு நாள் லேப்டாப்பில் ஓடவிட்டு உட்கார்ந்தேன். சும்மா இருக்கும்போது 7 மில்லிசெகண்டு. அப்பாவின் போன் பேக்கப்பைத் தொடங்கியதும் 380, 410, 395. பேக்கப் நின்றதும் மறுபடி 7.

மளிகைக் கடையில் முன்னால் நிற்பவர் இருபது மூட்டைக்கு பில் போட்டுக்கொண்டிருந்தால், ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவரும் அவர் பின்னால்தான் நிற்க வேண்டும். இங்கே நடந்ததும் அதுதான். வெளியே போகும் பாக்கெட்டுகள், அதாவது தகவல் துண்டுகள், நீளமான வரிசையில் தேங்கி நிற்கின்றன. பஃபர்ப்ளோட் என்று இதற்குப் பெயர். வரிசையைப் பிரித்து ஒவ்வொருவருக்கும் முறை கொடுக்கிற வசதி என் ரவுட்டரில் இல்லை. அதற்குக் கடைசி அப்டேட் வந்தே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைக்க ஆளில்லாத ஒரு பெட்டி, வீட்டு வாசலில் நிற்கிறது என்பதும் எனக்கு உறுத்தியது.

ஓப்பன்டபிள்யூஆர்டி பக்கம் நான் வந்தது இப்படித்தான். கம்பெனி ரவுட்டருக்குள் போட்டுத் தரும் மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாமே போட்டுக்கொள்ளும் இலவச லினக்ஸ் மென்பொருள் அது. பெயருக்குள் ஒரு கதை இருக்கிறது. லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதை ஆட்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸைப் போட்டு விற்பவர் அதன் சோர்ஸ் கோடையும் தர வேண்டும் என்கிறது ஜிபிஎல் உரிமம்; அதன்படி 2003-ல் கம்பெனி அதை வெளியிட வேண்டி வந்தது. அதை வைத்து 2004-ல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. ரவுட்டரும் ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான், அதற்குள் என்ன ஓட வேண்டும் என்பதை வாங்கியவர் முடிவு செய்யலாம் என்பதை ஊருக்குக் காட்டியது அந்தப் பெட்டி.

நல்ல ரவுட்டரில் நேராகக் கை வைக்கவில்லை. பரணில் ஒரு பழைய ரவுட்டர் கிடந்தது: 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம். முதலில் அதில் பழகினேன். இப்போதைய ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு அந்த அளவு பத்தாது; 19.07 பதிப்போடு அந்த வகைப் பெட்டிகளுக்கான ஆதரவு நின்றுவிட்டது. ஆனால் பழகுவதற்கு அதைவிட நல்லது கிடையாது, ஏனென்றால் கெட்டாலும் நஷ்டமில்லை. இரண்டாவது நாளே கெடுத்தேன். விளக்கு எல்லாம் எரிகிறது, பிங் இல்லை, எதுவும் இல்லை.

அதை மீட்டது டிஎஃப்டிபி, நெட்வொர்க் கேபிள் வழியாக ஃபைலை அனுப்பும் ஓர் எளிய முறை. ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் போட்டால், பூட்லோடர் (பவர் வந்ததும் முதலில் ஓடும் சின்ன புரோகிராம்) தன் பங்குக்கு ஒரு குறிப்பிட்ட ஐபி முகவரியில் ஒரு குறிப்பிட்ட பெயருள்ள ஃபைலைத் தேடும். அந்தப் பழைய ரவுட்டர் 192.168.0.66-ல் தேடியது. லேப்டாப்புக்கு அந்த முகவரியைக் கொடுத்து, டிஎஃப்டிபி சர்வரை ஓடவிட்டு, ஃபைலுக்குச் சரியான பெயர் வைத்து அதில் போட்டேன். எடுக்கவே இல்லை. ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. கடைசியில் இரண்டு காரணம். ஒன்று, விண்டோஸ் ஃபயர்வால் தடுத்துக்கொண்டிருந்தது. இன்னொன்று, ரவுட்டர் ஆன் ஆகிற அந்தச் சில நொடியில் லேப்டாப்பின் நெட்வொர்க் போர்ட் கேபிள் வந்ததை உணர்ந்து தயாராவதற்குள் பூட்லோடர் தேடி முடித்துவிடுகிறது. நடுவில் ஒரு சாதாரண ஐந்து போர்ட் ஸ்விட்சைச் செருகினேன். ஸ்விட்சோடு லேப்டாப் எப்போதும் இணைந்தே இருப்பதால் அந்தத் தாமதம் இல்லை. அடுத்த முயற்சியிலேயே ஃபைல் போனது. முகவரியும் ஃபைல் பெயரும் மாடலுக்கு மாடல் மாறும். ஃபர்ம்வேரை ஏற்றுவதற்கு முன்பே இவற்றைத் தேடி எழுதிவைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தேட வேண்டிய நேரத்தில் வீட்டில் நெட் இருக்காது.

பெரிய ரவுட்டருக்கு வந்தபோது ஒரு நோட்டு போட்டேன். முதல் பக்கத்தில், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ளபடி மாடலும் ஹார்டுவேர் வெர்ஷனும். ஒரே மாடல் பெயரில் வெர்ஷன் 2-க்கும் 3-க்கும் உள்ளே சிப்பே வேறாக இருக்கும்; ஃபைல் மாறினால் அவ்வளவுதான். அடுத்து பிபிபிஓஇ (கேபிள்காரரின் நெட்டுக்குள் லாகின் செய்யும் முறை) யூசர்நேம், பாஸ்வேர்டு, வெளி லைன் வந்து சேரும் வேன் போர்ட்டின் மேக் ஐடி என்ற அடையாள எண். அடுத்து பழைய ஃபர்ம்வேர் ஓடும்போதே எடுத்த அளவுகள்: சும்மா இருக்கும்போது பிங், அப்லோடு ஓடும்போது பிங், பின்னறையில் வைஃபை வேகம், ஹாலில் வைஃபை வேகம். "முன்னால விட ஸ்லோவா இருக்கு" என்று வீட்டில் யாராவது சொன்னால், முன்னால் எவ்வளவு இருந்தது என்று காட்ட ஒரு எண் வேண்டும்.

என் ரவுட்டரில் இருப்பது மீடியாடெக் எம்டி7621 சிப், 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம். தாராளம். கம்பெனி ஃபர்ம்வேரிலிருந்து முதன்முறை மாறும்போது ஃபேக்டரி ஃபைல். ஓப்பன்டபிள்யூஆர்டியிலிருந்து அதன் அடுத்த பதிப்புக்குப் போகும்போது சிஸ்அப்கிரேடு ஃபைல். டவுன்லோடு ஆனதும், ஃபைல் பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபார்த்தேன். வைஃபையில் ஏற்றாமல் கேபிள் போட்டு, ரவுட்டரை இன்வெர்ட்டர் லைன் உள்ள பிளக்கில் மாட்டி ஏற்றினேன். ஐந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஏற்றி முடிந்ததும் வைஃபையே தெரியாது. பயப்பட வேண்டாம், ஓப்பன்டபிள்யூஆர்டியில் வைஃபை ஆரம்பத்தில் அணைந்தேதான் இருக்கும். கேபிளில் 192.168.1.1 போய், முதலில் பாஸ்வேர்டு வைத்துவிட்டு, நாமாகத்தான் அதை ஆன் செய்ய வேண்டும்.

அடுத்து நெட் வரவில்லை. கேபிள்காரர் வைத்த ஃபைபர் பெட்டியும் 192.168.1.1, என் ரவுட்டரும் 192.168.1.1. வெளியே போகும் வேன் பக்கமும் வீட்டுக்குள் இருக்கும் லேன் பக்கமும் ஒரே தெருப் பெயர் இருந்தால் கடிதத்தை எந்தப் பக்கம் கொண்டுபோவது? லேன் முகவரியை 192.168.5.1 என்று மாற்றியதும் வந்துவிட்டது. சில நாள் கழித்து ஃபைபர் பெட்டியை, வருவதை அப்படியே கடத்திவிடுகிற பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லி, பிபிபிஓஇ டயலை என் ரவுட்டருக்கே கொண்டுவந்தேன்.

அங்கேதான் விசித்திரமான ஒரு கோளாறு. தேடல் பக்கம் திறக்கிறது, வீடியோ ஓடுகிறது. ஆனால் வங்கிப் பக்கமும் ஆபீஸ் விபிஎன்னும் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. சிலது வரும், சிலது வராது என்றால் முதலில் பார்க்க வேண்டியது எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. சாதாரணமாக ஒரு பாக்கெட் 1500 பைட். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பிங் அனுப்பினேன்: 1472 போகவில்லை, 1464 போனது. அதோடு தலைப்பு 28 சேர்த்தால் 1492, கணக்கு சரி. அப்படியென்றால் லைனில் கோளாறு இல்லை. ஃபயர்வாலில் பிபிபிஓஇக்காக நான் புதிதாக ஒரு சோன், அதாவது தனி விதிகள் கொண்ட பிரிவு, உருவாக்கியிருந்தேன். அதில், பாக்கெட் அளவை லைனுக்குப் பொருந்தும்படி குறைக்க வைக்கும் எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற டிக்கைப் போடாமல் விட்டிருந்தேன். ரவுட்டர் தானாகக் கொடுக்கும் வேன் சோனில் அது போட்டே வரும். டிக் போட்டதும் வங்கிப் பக்கம் திறந்தது.

பிறகு வரிசையைப் பிரித்து முறை கொடுக்கும் எஸ்க்யூஎம்மை நிறுவி, கேக் என்ற வரிசை முறையைத் தேர்ந்தெடுத்து, இரு பக்கமும் 36 எம்பிபிஎஸ் என்று வைத்தேன். லைன் வேகத்தைவிடப் பத்து சதவீதம் போலக் குறைத்து வைத்தால்தான் வரிசை நம் ரவுட்டரில் நிற்கும். இல்லையென்றால் நம் கைக்கு எட்டாத எங்கோ ஒரு பெட்டியில் நிற்கும். மறுநாள் மூன்று மணி. அப்பா போனைச் சார்ஜில் போட்டார். பிங் 11, 14, 12. அந்த நான்கு எம்பிபிஎஸ்ஸை இழந்தது எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. ஸ்பீடு டெஸ்ட்டில் வருகிற பெரிய எண்ணைவிட, நெரிசலில் பிங் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் வீட்டில் நான்கு பேர் இருக்கும்போது முக்கியம் என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

2021 கடைசியில் 21.02-க்கு மாறியபோது ஒரு பாடம் படித்தேன். அந்தப் பதிப்பில் எம்டி7621 ரவுட்டர்களின் லேன் போர்ட்டுகளைக் கையாளும் முறையே மாறிவிட்டது. பழைய ஸ்விட்ச்கான்ஃபிக் போய் டிஎஸ்ஏ வந்தது. பழைய செட்டிங் இதற்குப் பொருந்தாது என்று திரையில் எச்சரிக்கை வந்தது. செட்டிங் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டுமே என்ற அலுப்பில், அதை மீறிக் கட்டாயமாக ஏற்றுவதற்கான டிக்கைப் போட்டேன், பழைய செட்டிங்கையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ரவுட்டர் ஆன் ஆனது. எந்தப் போர்ட்டில் செருகினாலும் பதில் இல்லை. மறுநாள் காலை ஒன்பதுக்கு எனக்கு ஒரு ரிலீஸ் இருந்தது.

ஃபெயில்சேஃப் என்று ஒரு வழி இருக்கிறது. லேப்டாப்புக்குக் கையால் 192.168.1.2 என்று ஐபி கொடுத்தேன். சேஃப்டி பின் ஒன்றை விரித்து ரீசெட் ஓட்டையில் வைத்துக்கொண்டு பவர் போட்டேன். பவர் விளக்கு முதலில் நிலையாக எரியும், பிறகு சிமிட்டத் தொடங்கும். அப்போதுதான் அழுத்த வேண்டும். முன்னால் அழுத்தினால் பயனில்லை, ஓரிரு நொடி தாமதித்தால் வண்டி போய்விடும். நான்கு முறை தவறிப்போனது. ஐந்தாவது முறை அழுத்தியதும் சிமிட்டல் சட்டென்று படபடவென்று வேகமானது. அதுதான் அடையாளம். தூரத்திலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக 192.168.1.1-க்குப் போனால் பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விட்டது. மவுண்ட்ரூட், ஃபர்ஸ்ட்பூட், ரீபூட் என்று மூன்றே கட்டளை.

இது எப்படிச் சாத்தியம் என்றால், ஓப்பன்டபிள்யூஆர்டி ஃபிளாஷில் இரண்டு அடுக்காக இருக்கிறது. கீழே ஸ்குவாஷ்எஃப்எஸ், அச்சடித்த பக்கம் மாதிரி, ஓடும்போது யாரும் அதில் எழுத முடியாது. மேலே ஓவர்லே, அந்தப் பக்கத்தின் மேல் வைத்த கண்ணாடித் தாள் மாதிரி. நாம் மாற்றுகிற எல்லாச் செட்டிங்கும் கண்ணாடித் தாளில்தான் எழுதப்படும். ஃபர்ஸ்ட்பூட் அந்தத் தாளைத் துடைத்துவிடும், அச்சுப் பக்கம் அப்படியே இருக்கும். ராத்திரி ஒன்றரைக்கு எல்லாச் செட்டிங்கையும் நோட்டைப் பார்த்துப் புதிதாகப் போட்டு முடித்தேன். பதிப்பு பெரிதாக மாறும்போது பழைய செட்டிங் ஃபைலைக் கொண்டுபோகாமல் கையால் போடுவதுதான் அன்றிலிருந்து வழக்கம்.

ஃபெயில்சேஃபும் டிஎஃப்டிபியும் கைகொடுக்காத நிலை வந்தால் சீரியல் கன்சோல், அதாவது ரவுட்டரின் உள்ளே இருக்கும் போர்டில் நேராக ஒயர் இணைத்துக் கட்டளை கொடுக்கும் வழி. 3.3 வோல்ட்டில் வேலை செய்கிற யுஎஸ்பி டிடிஎல் அடாப்டர், மூன்று ஒயர்: அனுப்புவது, வாங்குவது, கிரவுண்டு. ரவுட்டர் தன் சொந்தப் பவரில் ஓடுவதால் நான்காவது பவர் பின்னில் எதையும் மாட்டக் கூடாது. எனக்கு இதுவரை அந்த அளவுக்குப் போக வேண்டி வரவில்லை. ஆனால் அடாப்டர் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

2023 நவம்பரில் 23.05 ஏற்றினேன். அன்று ராத்திரியே இன்னொன்றும் செய்தேன். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதுவரை சேனல் 100-ல் இருந்தது. அந்தப் பகுதியை ரேடாரும் பயன்படுத்துவதால், ரவுட்டர் ஆன் ஆனதும் ரேடார் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்துவிட்டுத்தான் வைஃபையைத் திறக்கும். பவர் போய் வருகிற ஒவ்வொரு தடவையும், "ஏம்மா, அஞ்சு ஜி காணோமே" என்று அம்மா கேட்பார். இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியை 2018-ல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று வைத்தால் சேனல் 149-ம் கிடைக்கும். அங்கே ரேடார் காத்திருப்பு இல்லை, அனுமதிக்கப்பட்ட பவரும் அதிகம். அதனால் 149-க்கு மாற்றினேன். ஃபர்ம்வேரும் புதிது, சேனலும் புதிது, ஒரே ராத்திரியில்.

மூன்றாம் நாளிலிருந்து தினமும் ராத்திரி ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது. ஒரு நாள் ஒரு தடவை, ஒரு நாள் மூன்று தடவை. கேபிள்கார அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "லைன்ல ஒண்ணும் இல்லக்கா, நீங்க உள்ள ஏதோ ஏத்தி வச்சிருக்கீங்கல்ல, அதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அதே சந்தேகம். 22.03-க்குத் திரும்பினேன். ஒரு நாள் அமைதி. மறுநாள் இரண்டு ரீஸ்டார்ட்.

அந்த இடத்தில் யூகிப்பதை நிறுத்தினேன். ஓப்பன்டபிள்யூஆர்டியின் லாக், அதாவது நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் பதிவு, ராமில்தான் இருக்கும். ரீஸ்டார்ட் ஆனதும் போய்விடும். ஆகவே ரீஸ்டார்ட்டுக்கு ஆன காரணத்தை அதே ரவுட்டரில் தேடிப் பயனில்லை. லாக்கை வேறொரு மெஷினுக்கு அனுப்பும் வசதி சிஸ்டம் செட்டிங்கிலேயே இருக்கிறது. ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, 514-ம் போர்ட்டில் லாக் வாங்க வைத்தேன். மூன்று ராத்திரி சேர்த்ததில், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் முன்னால் இருந்த கடைசி வரிகள் சாதாரணமானவை: ஒரு போன் வைஃபையில் சேர்ந்தது, ஐபி வாங்கியது. மெமரி தீர்ந்தது என்று இல்லை. டிரைவர் பிழை எதுவும் இல்லை. பேசிக்கொண்டே இருந்தவர் பாதி வாக்கியத்தில் நின்ற மாதிரி இருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒரேயடியாகச் சரிந்தால் கடைசி வரி நெட்வொர்க்கில் வெளியே வர நேரமிருக்காது என்பதும் உண்மை. அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் ஒன்பது ரீஸ்டார்ட்டில் ஒன்றில்கூட ஒரு முனகலும் இல்லை.

அப்பா மில்லில் எலக்ட்ரீஷியனாக முப்பது வருஷம் இருந்தவர். நான் லாக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பின்னால் நின்று கேட்டார்: "வோல்டேஜ் பாத்தியாம்மா?"

பார்க்கவில்லை. மூன்று வாரமாக அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை.

அவருடைய பழைய முள் மீட்டரை எடுத்துவந்தார். அடாப்டரைத் தனியாகக் கழற்றி அளந்தால் 12 வோல்ட், சுத்தமாக. "சும்மா இருக்கறப்ப எல்லாம் நல்லாத்தான் காட்டும், பாரம் ஏத்திப் பாக்கணும்" என்றார். சிசிடிவி கேமராவுக்கு வாங்குகிற, ஒரு பின்னை இரண்டாகப் பிரிக்கும் ஒயர் ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு கிளை ரவுட்டருக்கு, இன்னொரு கிளையில் மீட்டர். லேப்டாப்பிலும் இரண்டு போனிலும் ஒரே நேரத்தில் 5 கிகாவில் பெரிய ஃபைல்களை இழுக்கவிட்டேன். முள் 11-க்குக் கீழே இறங்கி நடுங்கத் தொடங்கியது. மூன்றாவது போனைச் சேர்த்தேன். முள் சட்டென்று 9 பக்கம் சாய்ந்து துள்ளி மேலே வந்தது. அதே நொடியில் ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் ஒருசேர அணைந்து, பவர் விளக்கு மட்டும் புதிதாக எரிந்தது. அப்பா எதுவும் சொல்லவில்லை, மீட்டரைத் திருப்பி எனக்குக் காட்டினார்.

ராத்திரி ஏழிலிருந்து ஒன்பது வரைதான் வீட்டில் டிவி, அம்மாவின் டேப், என் லேப்டாப் எல்லாம் சேர்ந்து ஓடும். பலவீனமான அடாப்டர் சேனல் 100-ல் எப்படியோ தாக்குப்பிடித்திருக்கிறது. 149-க்குப் போனதும் ரேடியோ கூடுதல் பவர் இழுத்தது, தாங்கவில்லை. 22.03-க்குத் திரும்பியபோது சேனல் 149-ஐ அப்படியே வைத்திருந்தேன். நோட்டில் பார்த்தால் அந்த ராத்திரியில் இரண்டு மாற்றமும் ஒரே வரியில் எழுதியிருக்கிறது. ஆபீசில் ஒரு பில்டில் இரண்டு மாற்றத்தைச் சேர்த்து அனுப்பினால் டெவலப்பரிடம் சண்டை போடுகிறவள் நான்.

இருந்தாலும் நிரூபித்துத்தான் முடிக்க வேண்டும் என்று இருந்தேன். மறுபடி 23.05 ஏற்றினேன். பழைய அடாப்டர், சேனல் 100: மூன்று நாள், ஒரு ரீஸ்டார்ட்டும் இல்லை. பழைய அடாப்டர், சேனல் 149: முதல் ராத்திரியே இரண்டு. பிறகு புது அடாப்டர், சேனல் 149. வாங்கும்போது வோல்ட் அதே 12 இருக்க வேண்டும், ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், பின்னின் நடுவில் பாசிட்டிவ் என்ற குறி பொருந்த வேண்டும். இந்த மூன்றையும் பார்த்து வாங்கினேன். ஒரு வாரம் தினமும் அதே நேரத்தில் மூன்று போனும் லேப்டாப்பும் வைத்து இழுத்தேன். ரீஸ்டார்ட் இல்லை. கேபிள்கார அண்ணன் அடுத்த மாதம் பணம் வாங்க வந்தபோது சொன்னேன். "அடாப்டரா? எங்க கஸ்டமர் பாதிப் பேருக்கு இதே கம்ப்ளெயின்ட்டுக்கா" என்று யோசித்தபடி நின்றார்.

பழைய அடாப்டரைப் பிளக்கிலிருந்து எடுத்து ஒரு நாள் முழுக்க வைத்திருந்துவிட்டு, அப்பா உடைத்துப் பார்த்தார். உள்ளே ஒரு கெபாசிட்டரின் தலை பொங்கல் பானை மாதிரி உப்பியிருந்தது. அவசரத்துக்கு யாராவது எடுத்து செட்டாப் பாக்ஸுக்கு மாட்டிவிடக் கூடாது என்று, குப்பையில் போடுவதற்கு முன் அதன் ஒயரைப் பின்னுக்குப் பக்கத்திலேயே வெட்டிவிட்டார்.